வலிகாமத்துக் கிணறுகளில் நீர்மட்ட வரைபடம்: அளப்பதும் வரைவதும்

ஆவணி மாதத்தில் சுன்னாகத்திலோ புன்னாலைக்கட்டுவனிலோ ஒரு தோட்டக் கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். மாரி முடிந்து தை பிறக்கும்போது அதே கிணற்றில் தண்ணீர் மேலே வந்து நிற்கும். இந்த ஏற்ற இறக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய ஆவணியைவிட இந்த ஆவணியில் மட்டம் இறங்கியிருக்கிறதா, இறங்கியிருந்தால் எந்த ஊர்ப்பக்கம், எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதைத் தீர்க்க ஒரே வழி, குறித்த கிணறுகளைக் குறித்த நாட்களில் ஒரே முறையில் அளந்து வரைபடமாக்குவது. செலவு அதிகமில்லை. ஆனால் பிழைவிட இடம் நிறைய உண்டு.

யாழ் குடாநாட்டின் நிலத்தடி நீர் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லில் தங்கியிருக்கிறது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவுப்பகுதி என்று நான்கு தனித்தனி நீர்ப்படுகைகளாக அதைப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறுகூட மாரியில்தான் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் முதல், மற்றதெல்லாம் செலவு. அந்த மழைநீர் கீழே உள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025 என்று எடுத்தால், கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நிற்கும் இடத்தில் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்க வேண்டும். கோட்பாட்டுக் கணக்கு இது. துளையும் வெடிப்பும் நிறைந்த எங்கள் பாறையில் நன்னீரும் உவர்நீரும் கலந்த பகுதி தடிப்பாக இருக்கும், 40 மடங்கு கிடைக்காது. என்றாலும் மேலே அரை மீற்றர் இறங்குவது ஏன் சின்ன விடயமில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

வேலை தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நீர்மட்ட வரைபடம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வரைபடங்கள் இருக்கின்றன. ஒன்று மாற்ற வரைபடம்: இரண்டு காலங்களுக்கிடையில் மட்டம் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று காட்டுவது. மற்றது கடல்மட்டத்திலிருந்து நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டும் உயர வரைபடம். மாற்ற வரைபடத்துக்குக் கிணறு எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியவே வேண்டாம், கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும். உயர வரைபடத்துக்கோ அந்த உயரம்தான் உயிர். இரண்டையும் குழப்பிக்கொண்டு, தேவையில்லாத இடத்தில் நில அளவைக்குக் காசு கொட்டுவதையும், தேவையான இடத்தில் போன் காட்டிய உயரத்தை நம்புவதையும் அடிக்கடி காணலாம்.

கிணறுகளைத் தெரிவு செய்தல்

எண்ணிக்கையைவிடப் பரம்பல் முக்கியம். ஒரு சந்தியைச் சுற்றி பதினைந்து கிணறு எடுத்துவிட்டுக் கரையோரத்தை வெறுமையாக விட்டால் வரைபடம் பொய் சொல்லும். வலிகாமத்துக்குத் தொடங்க நல்ல வழி ஒரு குறுக்குக் கோடு. காங்கேசன்துறை வீதியை ஒட்டி யாழ் நகரம், கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று வடகரை வரை போனால் கடலேரியிலிருந்து கடல் வரை ஒரு முழுவெட்டு கிடைக்கும். பிறகு அதற்குக் குறுக்கே மானிப்பாய் பக்கமும் அச்சுவேலி பக்கமும் கோடுகளை நீட்டலாம்.

இறைப்புக் குறைந்த கிணறுகளே நல்லவை. கோயில் கிணறு, பள்ளிக்கூடக் கிணறு, ஆளில்லாத வளவுக் கிணறு, இப்படி. ஆனால் அளவெடுக்கப் போகும் நாளில் படலை திறந்திருக்க வேண்டும், திறக்க ஆள் இருக்க வேண்டும். இது தொழில்நுட்பக் காரணத்தைவிடப் பெரிய காரணம். பல தொடர்கள் நடுவழியில் அறுந்துபோவது இதனால்தான். குழாய்க்கிணற்றையும் கட்டுக்கிணற்றையும் ஒரே வரைபடத்தில் கலக்க வேண்டாம். ஆழக் குழாய் வேறு மட்டத்து வெடிப்பைத் தொட்டு நிற்கும். பத்து மீற்றர் தள்ளியுள்ள கட்டுக்கிணற்றோடு அது ஒத்துப்போகவேண்டிய கட்டாயமில்லை.

வலிகாமம் வடக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1990 இல் போரால் சனம் இடம்பெயர்ந்த பிறகு அங்குள்ள கிணறுகள் நீண்டகாலம் இறைக்கப்படாமல் கிடந்தன. காணிகள் விடுவிக்கப்பட்டு, துப்புரவாக்கி, மீண்டும் தோட்டம் செய்யும் இடங்களில் கோடை மட்டம் இறங்கினால் அதை மழைக்குறைவின் கணக்கில் எழுதக்கூடாது. அந்தப் பகுதிக் கிணறு ஒவ்வொன்றுக்கும் எந்த வருடத்திலிருந்து திரும்ப இறைக்கிறார்கள் என்று குறித்து வைத்தால் பின்னுக்கு உதவும்.

அளக்கும் முறை

கிணற்றுக்கட்டில் ஒரு புள்ளி. அதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கட்டின் மேல்விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, எனாமல் பெயின்ரால் அம்புக்குறி இடவும். வெறும் பெயின்ர் இரண்டு மாரியில் போய்விடும், வெட்டு நிற்கும். புள்ளியைப் போனில் படம் எடுத்து, கட்டு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் நாலு பக்கமும் அளந்து எழுதவும். ஏன் இவ்வளவு கவனம் என்றால், கட்டைத் திருத்திக் கட்டுவது எங்கள் ஊரில் சாதாரணம். பழைய கட்டின் மேல் இரண்டு வரி கல் வைத்துப் பூசினால் அடுத்த அளவில் நீர்மட்டம் 40 சென்ரிமீற்றர் 'இறங்கியிருக்கும்'. நிலத்திலிருந்து கட்டு உயரம் எழுதியிருந்தால் அந்தப் பாய்ச்சலைக் கண்டுபிடித்துத் திருத்தலாம்.

மின் ஒலி எழுப்பும் நீர்மட்ட ரேப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 20 மீற்றர் உருக்கு ரேப்பும் ஒரு பாரமும் போதும். பாரத்துக்கு ஒரு பக்கம் அடைத்த, ஒரு அங்குல விட்டமுள்ள பித்தளைக் குழாய்த் துண்டை எடுத்து, திறந்த வாய் கீழே இருக்கும்படி கட்டினால், தண்ணீரைத் தொடும்போது 'டப்' என்று சத்தம் கேட்கும். இரண்டு மூன்று தரம் மெல்ல ஏற்றி இறக்கி, சத்தம் தொடங்கும் இடத்தில் கட்டுப் புள்ளியோடு பிடித்து வாசிக்க வேண்டும். ரேப்பின் பூச்சியத்திலிருந்து குழாயின் கீழ்வாய் வரை உள்ள நீளத்தைக் கூட்ட மறக்க வேண்டாம். துணி அல்லது பைபர் ரேப் இழுபடும், நனைந்தால் இன்னும் மோசம். ஒரு கிணற்றில் இரண்டு வாசிப்பு எடுக்கவும். வித்தியாசம் 1 சென்ரிமீற்றருக்கு மேல் வந்தால் மூன்றாவது.

நேரம்தான் அடுத்த சிக்கல். மோட்டர் ஓடும் கிணற்றிலும், நிறுத்திக் கொஞ்ச நேரமான கிணற்றிலும் எடுக்கும் அளவு அந்தக் கிணற்றின் பள்ளத்தைத்தான் காட்டும், ஊரின் மட்டத்தை அல்ல. விடிய இறைப்புத் தொடங்குமுன் அளப்பது நல்லது. முடியாவிட்டால் 10 நிமிட இடைவெளியில் இரண்டு வாசிப்பு எடுத்து, மட்டம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். பக்கத்துக் காணியில் பம்ப் ஓடுகிறதா என்பதையும் எழுதவும். சுண்ணக்கல்லில் இது ஊகிக்க முடியாத விடயம்: ஒரு கிணறு எவ்வளவு இறைத்தாலும் அசையாது, அடுத்த வளவுக் கிணறு ஒரு மணித்தியாலத்தில் அடி தெரியும். முதலாவது பெரிய வெடிப்பொன்றின்மேல் நிற்கிறது, மற்றது நிற்கவில்லை. மழை பெய்து சில மணித்தியாலங்களுக்குள் மட்டம் துள்ளும் கிணறுகளும் அந்த முதல் வகைதான். அவற்றுக்குப் பதிவேட்டில் ஒரு தனிக் குறி போட்டு வைக்கவும், வரையும்போது தேவைப்படும்.

கரையோரத்தில் கடல் ஏற்றவற்றமும் கலக்கும். கீரிமலைப் பக்கம் இருக்கும் கிணறுகளில் ஒருநாளாவது மணிக்கொருதரம், 25 மணித்தியாலம் தொடர்ந்து அளந்து பார்க்க வேண்டும். ஏற்றவற்றச் சுற்று ஏறக்குறைய 24 மணி 50 நிமிடம் என்பதால் 24 போதாது. ஆட்டம் 3 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் விட்டுவிடலாம். கூடினால் அந்தக் கிணற்றுக்கு ஒற்றை வாசிப்பு செல்லாது, சுற்றின் சராசரிதான் எடுக்க வேண்டும்.

தண்ணீருக்குள் தொங்கி மட்டத்தைத் தானாகப் பதியும் அழுத்தமானி லொகர் போடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. காற்றுக் குழாய் இல்லாத வகை, தண்ணீரின் அழுத்தத்தோடு வளியமுக்கத்தையும் சேர்த்தே அளக்கும். 1 ஹெக்டோபாஸ்கல் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் தண்ணீர். எங்கள் அகலாங்கில் வளியமுக்கம் நாளுக்கு இருதரம் சில ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கும். அதைக் கழிக்காவிட்டால் இல்லாத ஒரு 'ஏற்றவற்றம்' உங்கள் வரைபில் அழகாகத் தெரியும். ஊருக்குள் ஒரு லொகரைக் காற்றில் தொங்கவிட்டால் பிரச்சினை தீரும். மற்றது நேரம்: கருவி கிரீன்விச் நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணித்தியாலம் தள்ளிப்போகும்.

வற்றின கிணற்றுக்கு என்ன எழுதுவது? பூச்சியம் எழுதக் கூடாது, வெறுமையாகவும் விடக் கூடாது. 'வற்று, அடி 7.20 மீ.' என்று எழுதவும். மட்டம் அதற்கும் கீழே என்பது ஒரு தகவல். வெறுமையாக விட்டால், வறண்ட வருடங்களில் வற்றின கிணறுகள் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்து, மிஞ்சிய ஆழக் கிணறுகளின் சராசரி நல்லபடியாகத் தெரியும்.

உயரம்

இனி உயர வரைபடம். ஒரு எடுத்துக்காட்டு: கட்டுப் புள்ளி கடல்மட்டத்திலிருந்து 6.42 மீற்றர், ஆவணியில் தண்ணீருக்கு 5.87 மீற்றர். நீரின் உயரம் 0.55 மீற்றர். தையில் 4.35 மீற்றர் என்றால் உயரம் 2.07, ஏற்றம் 1.52. இப்போது கட்டுப் புள்ளியின் உயரத்தில் 1 மீற்றர் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் அதே 1.52 தான். ஆனால் ஆவணி உயரம் 0.55 இற்குப் பதிலாக மைனஸ் 0.45 ஆகிவிடும், கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டது என்று அறிக்கை எழுதுவீர்கள். செய்மதி உயர மாதிரிகளில் மரம், கூரை எல்லாம் சேர்ந்து சில மீற்றர் பிழை வருவது சாதாரணம். மலைநாட்டில் அது பொறுக்கும். குடாநாட்டில் நீர் நிற்கும் முழு உயர வீச்சையும் அந்தப் பிழையே விழுங்கிவிடும்.

போன் ஜிபிஎஸ் இன்னும் வேடிக்கை. இலங்கைப் பகுதியில் கடல்மட்ட மேற்பரப்பு, ஜிபிஎஸ் பூமியின் வடிவமாக எடுத்துக்கொள்ளும் நீள்வட்டக் கோளத்துக்கு 90 மீற்றருக்கு மேல் கீழே கிடக்கிறது. திருத்தம் செய்யாத செயலி உங்கள் முற்றத்துக்கு மைனஸ் 90 அளவில் உயரம் காட்டும். செய்த செயலி 5 காட்டும். இரண்டு போன்களின் அளவுகளைக் கலந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரியான வழி, நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்குறியிலிருந்து (உயரம் தெரிந்த நிலையான குறி) லெவல் கருவியால் கொண்டுவருவது. முன்நோக்குக்கும் பின்நோக்குக்கும் தூரம் சமமாக, 50 மீற்றருக்குள் வைத்து, தொடங்கிய குறிக்கே திரும்பி வந்து மூடவும். மூடல் பிழைக்கு, அதாவது திரும்பி வந்தபோது காணும் வித்தியாசத்துக்கு, 12 மில்லிமீற்றரைத் தூரத்தின் (கிலோமீற்றரில்) வர்க்கமூலத்தால் பெருக்கி எல்லை வைக்கலாம். 4 கிலோமீற்றர் சுற்றுக்கு 24 மில்லிமீற்றர். கிணறு கூடினால் ஆர்டிகே எனும் துல்லியமான நில அளவை ஜிபிஎஸ் வேகமானது, ஆனால் அதையும் ஒரு மட்டக்குறியில் மட்டும் கட்டினால் போதாது. பகுதியின் இரு தொங்கலிலும் உள்ள குறிகளில் வைத்துப் பார்த்து, வித்தியாசம் சாய்வாக மாறுகிறதா என்று சரிபார்க்கவும். ஒரே தெருவில் நாலைந்து கிணறு என்றால் மேசன்மாரின் தண்ணீர்க் குழாய் மட்டமே போதும். குழாய்க்குள் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஆள்கூற்றில் ஒரு பொறி. பழைய இலங்கை வரைபடங்களின் கட்டத்தில் தொடக்கப்புள்ளிக்கு 200,000 கொடுத்திருப்பார்கள், 1999 இன் புதிய கட்டத்தில் 500,000. ஆகவே யாழ்ப்பாணப் பகுதியின் வடக்குத் தூரம் பழையதில் 495,000 அளவிலும், புதியதில் 795,000 அளவிலும் வரும். கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் புதிய கட்டத்தின் எண் 5235, பழையது 5234. கிணறுகள் கடலுக்குள் விழுந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

வரைதல்

மாற்ற வரைபடத்தில் பலர் விடும் பிழை இது: 2014 க்கு ஒரு மேற்பரப்பு, 2024 க்கு ஒரு மேற்பரப்பு வரைந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது. இரண்டு வருடமும் அளந்த கிணறுகள் வேறாக இருந்தால், கழித்து வரும் படத்தில் தெரிவது பெரும்பாலும் கிணற்றுப் பட்டியலின் மாற்றம்தான். முதலில் கிணறு கிணறாகக் கழிக்கவும், இரு காலத்திலும் அளவுள்ள கிணறுகளை மட்டும். அந்த வித்தியாசத்தைத்தான் கிணறுகளுக்கு இடைப்பட்ட இடங்களுக்குக் கணித்துப் பரப்ப வேண்டும். குறியையும் கவனிக்கவும்: கட்டிலிருந்து ஆழம் கூடினால் மட்டம் இறக்கம். எக்செல்லில் பழைய ஆழத்திலிருந்து புதிய ஆழத்தைக் கழித்தால் ஏற்றம் நேர்க்குறியில் வரும்.

தூரத்தின் தலைகீழ் எடையிட்டுப் பரப்பும் முறையில், ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் வட்ட வட்டமாக 'மாட்டுக்கண்' விழும். பார்க்க விஞ்ஞானம் போல இருக்கும், அர்த்தம் இல்லை. தூரம் கூடக் கூட அளவுகள் எப்படி வேறுபடுகின்றன என்று மாறுபாட்டு வரைபு போட்டு, அதை வைத்துப் பரப்பும் கிரிகிங் கொஞ்சம் நல்லது, ஆனால் முப்பது கிணறாவது இல்லாமல் அந்த வரைபை நம்ப முடியாது. கிணறு குறைவென்றால் பரப்பவே வேண்டாம். நிறப் புள்ளிகளாக விட்டுவிடுங்கள். வெறும் புள்ளி வரைபடம் நேர்மையானது. முன்பு குறியிட்ட வெடிப்புக் கிணறுகளைப் பரப்பலில் சேர்த்தும் சேர்க்காமலும் வரைந்து பார்க்கவும். ஒரு கிணறு முழு ஊரின் நிறத்தையே மாற்றினால் அது வெளியே இருக்கவேண்டிய கிணறு.

கடலேரியைத் தாண்டிப் பரப்பக் கூடாது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி ஒவ்வொன்றுக்கும் தனி எல்லைப் பல்கோணம் வேண்டும். உயர வரைபடத்துக்குக் கடற்கரை நெடுகப் பூச்சிய உயரப் புள்ளிகளை வைத்தால் கரையோரம் ஒழுங்காக வரும். ஆனால் தொண்டைமானாறு தடுப்பணைக்கு உள்ளே உள்ள நீரேரிக்குப் பூச்சியம் வைக்க வேண்டாம். அது மாரியில் கடலைவிட உயர்ந்தும் கோடையில் வற்றியும் கிடக்கும். அரியாலைத் தடுப்பணைப் பக்கமும் அப்படியே. ஒரு அளவுகோல் நட்டு வாசிப்பதுதான் வழி.

சமவுயரக் கோட்டு இடைவெளி, பிழையின் இருமடங்குக்குக் குறையக் கூடாது. மொத்தப் பிழை 10 சென்ரிமீற்றர் என்றால் 0.25 மீற்றர் இடைவெளி பொருந்தும். நிற எல்லைகளை எல்லா வருடத்துக்கும் ஒன்றாகவே வைக்கவும். மென்பொருள் தானாகப் பிரிக்கும் வகுப்புகளை விட்டால், 20 சென்ரிமீற்றர் இறக்கமுள்ள வருடமும் 2 மீற்றர் இறக்கமுள்ள வருடமும் ஒரே சிவப்பில் வந்து நிற்கும்.

உப்பும் அளக்க வேண்டும்

மட்ட வரைபடம் கரையோரத்தில் நல்ல பிள்ளையாக நடிக்கும். கடலுக்கு அருகில் எவ்வளவு இறைத்தாலும் மட்டம் பெரிதாக இறங்காது, ஏனென்றால் போன நன்னீரின் இடத்தைக் கடல்நீர் நிரப்பிவிடும். வரைபடத்தில் 'மாற்றம் இல்லை', வாளியில் சவர்த்தண்ணீர். அதனால் ஒவ்வொரு அளவோடும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் சேர்த்து எடுக்க வேண்டும். கைக்கருவியை 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசலில் அன்றன்றே சரிபார்த்து, 25 பாகை வெப்பநிலைக்குத் திருத்திய அளவையே எழுதவும். பாசனத்துக்கு 750 வரை கவலையில்லை, 2250 தாண்டினால் வெங்காயம், மிளகாய் போன்ற உப்புத் தாங்காத பயிருக்கு நிச்சயம் கூடாது. மேல்நீர் மட்டும் அளந்தால் ஏமாறுவோம். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்பது எல்லாரும் அறிந்தது. சின்ன அளவில் மற்றக் கிணறுகளிலும் இது நடக்கும். தக்கையிட்ட போத்தலில் பாரம் கட்டி இறக்கி, அடியில் வைத்துத் தக்கையை இழுத்தால் அடிநீர் மாதிரி கிடைக்கும். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் போன்ற நன்னீர் மெல்லிசான இடங்களில் எதையாவது ஒன்றைத்தான் அளக்க முடியும் என்றால், மட்டத்தை விட்டு உப்பை அளப்பதுதான் என் தெரிவு.

எந்த வருடத்தோடு ஒப்பிடுவது

மாதம் மாதமாக அளக்க முடியாவிட்டால் வருடத்துக்கு இரண்டு: மழைக்கு முன் புரட்டாதியில், மழை ஓய்ந்தபின் தையில். முழுச் சுற்றையும் மூன்று நாளுக்குள் முடிக்கவும். இடையில் மழை விழுந்தால் திரும்பத் தொடங்க வேண்டும். புரட்டாதியைப் புரட்டாதியோடு மட்டும் ஒப்பிடவும்.

அடிப்படை வருடத்தைத் தெரிவதில்தான் வாதம் முழுக்கத் தீர்மானமாகிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அதன் பிறகு வந்த தையை அடிப்படையாக எடுத்தால் அடுத்த எல்லா வருடமும் 'இறக்கம்' காட்டும். வறண்ட வருடமொன்றை எடுத்தால் எல்லாம் 'ஏற்றம்'. ஒற்றை வருடத்தை விட்டு ஐந்து வருடச் சராசரியை அடிப்படையாக்குங்கள். பக்கத்திலேயே யாழ் திருநெல்வேலி மழைமானியின் வருட மொத்தத்தையும் வரைந்து வைத்தால், மழையோடு போகும் இறக்கம் எது, மழை நன்றாகப் பெய்தும் ஏறாத கிணறு எது என்று பிரித்துப் பார்க்கலாம். இரண்டாவது வகைதான் இறைப்பின் கணக்கு. போக்கு உண்டா இல்லையா என்று பரீட்சிக்க மான்-கெண்டல் சோதனை, சென் சாய்வு என்ற இரண்டு புள்ளிவிபர முறைகளும் போதும், ஆனால் பத்து வருடத்துக்குக் குறைந்த தொடரில் அவற்றின் பதிலை நம்பி ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இறக்கத்தைத் தண்ணீர் அளவாக மாற்றச் சொல்லிக் கேட்பார்கள். இறக்கத்தைப் பரப்பாலும் பாறையின் நீர்விடு விகிதத்தாலும் (பாறையின் கனவளவில் வடிந்து வரும் தண்ணீரின் பங்கு) பெருக்க வேண்டும்: 1 சதுரக் கிலோமீற்றர், 1 மீற்றர், விகிதம் 0.1 என்றால் 100,000 கன மீற்றர். மூன்றில் விகிதம்தான் மெலிந்த கண்ணி, 0.05 என்று எடுத்தால் விடை பாதியாகும். ஆகவே ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் வீச்சாகச் சொல்லவும். செய்மதி ஈர்ப்புத் தரவில் எடுக்கலாமே என்றும் கேட்பார்கள். 2002 இல் ஏவிய கிரேஸும் 2018 இல் அதன் தொடர்ச்சியும் சில நூறு கிலோமீற்றர் அகலத்துக்குச் சேர்த்துத்தான் பார்க்கும். ஏறக்குறைய 1,000 சதுரக் கிலோமீற்றர் உள்ள குடாநாடு, சுற்றிக் கடலோடு, அதற்குள் கரைந்துவிடும்.

பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் கிணற்று எண், நாள், நேரம், கட்டிலிருந்து ஆழம், பம்ப் நிலை, கடத்துதிறன், அளந்தவர் இருக்க வேண்டும். கட்டுத் திருத்தியது, கிணறு ஆழமாக்கியது, சேறு வாரியது ஆகியவற்றுக்குத் தனித் தாள். கிணற்றை மூடி வீடு கட்டப் போகிறார்கள் என்று தெரிந்தால், பக்கத்தில் ஒரு மாற்றுக் கிணற்றை உடனே பிடித்து, ஒரு மாரியும் ஒரு கோடையுமாவது இரண்டையும் சேர்த்து அளக்கவும். இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கினால் வித்தியாசத்தைத் திருத்தி அதே தொடரில் சேர்க்கலாம். அந்த ஒரு வருடம் கிடைக்காவிட்டால் ஒட்டுப்போட வேண்டாம். பழைய எண்ணை மூடிவிட்டுப் புதிய எண்ணில் தொடங்குங்கள்.